இடம் கிடைக்கும் வரை

நகல் எந்திரத்துக்கும் கோப்பு அலமாரிக்கும் நடுவில்
காற்று மெத்தையை அவனே விரித்துக்கொண்டான்.
பம்பை எங்கே செருகுவதென்று நான் தேடும்போது
"இதுல ஓட்டை இருக்கு,
விடியறதுக்குள்ள ரெண்டு தடவை அடிக்கணும்" என்றான்.
டாசன். பதினொரு வயது.
இந்த அலுவலகத்தில் அவனுக்கு ஆறாவது இரவு,
எனக்கு முதலாவது.

என் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன்.
"அடுத்த மாசமும் இருந்தீங்கன்னா சொல்லுங்க."

இரவு எட்டுக்கு மேல் இது அலுவலகம் அல்ல,
'தற்காலிகத் தங்குமிடம்'.
கதவுத் தாளில் அப்படித்தான் அச்சிட்டிருக்கிறது.
தாளை ஒட்டிய நாடா
மஞ்சளாகி, காய்ந்து, சுருண்டிருக்கிறது.

அவன் துணிமணி ஒரு கறுப்புக் குப்பைப் பையில்.
அதன் வயிற்றில் அகலமான நாடா,
நாடாவில் பேனாவால் இரண்டு சொற்கள்:
குப்பை இல்லை.
போன வருடம் ஒரு பை
காலையில் துப்புரவு வண்டியோடு போய்விட்டதாம்.
உள்ளே என்ன இருந்ததென்று கேட்டேன்.
"சாக்ஸ்" என்றான்.
பிறகு வெகுநேரம் கழித்து,
"சாக்ஸ் மட்டும் இல்ல."

என் கையில் முப்பத்தொரு வீடுகளின் பட்டியல்.
மேற்கு வர்ஜீனியாவின் மலை இடுக்குகளில்
மணி அடித்துக்கொண்டே போனேன்.
ஒருத்தி வயதைக் கேட்டாள், சொன்னேன்,
ஆறுக்குக் கீழே இருந்தால் கூப்பிடச் சொன்னாள்.
ஓர் எண் உபயோகத்தில் இல்லை.
ஓஹையோ எல்லைக்கு அப்பால் ஒரு கட்டில் காலியாக இருந்தது,
ஆற்றைத் தாண்ட ஐந்து நிமிடம்,
காகிதம் தாண்ட நான்கு மாதம்.
கடைசியாக ஒரு கிழவர் எடுத்தார்:
"மார்ச்சில் என் மனைவி இறந்துபோனாள் அம்மா,
பட்டியலிலிருந்து எங்களை எடுக்கச் சொல்லி
மூன்று தடவை சொல்லிவிட்டேன்."
மன்னிப்புக் கேட்டேன்.
பட்டியலில் பெயர் அடிக்க எனக்கு அதிகாரம் இல்லை.

படிவத்தில் ஒரு கட்டம்:
முந்தைய இடம் முறிந்த காரணம்.
தலையணையிலிருந்தே சொன்னான்,
"பொருத்தமில்லைன்னு எழுதுங்க.
கட்டத்துக்குள்ள அடங்கும்."

கோப்பைப் புரட்டினேன்.
வேறொரு கையெழுத்து, வேறொரு மை:
ஓடிப்போகும் இயல்புள்ளவன்.

"ஓடல.
நடந்துதான் போனேன்.
ஒன்பது மைல்.
ஏவரிக்கு அன்னிக்கு அஞ்சு வயசு.
அவ வீட்டுக்காரங்க கேட்டைத் திறக்கல,
நான் வெளியில நின்னுட்டே கையசைச்சேன்.
அவ யாரோன்னு நினைச்சு
பதிலுக்குக் கையசைச்சா."

அதை எழுத எந்தக் கட்டமும் இல்லை.
ஓரத்தில் எழுதினேன், பொடியாக,
துளையிடும் எந்திரம் கடிக்கும் இடத்தில்.

மூன்று மணிக்கு மெத்தை இளைத்துவிட்டது.
பம்பு போட்டால் சத்தத்தில் விழித்துக்கொள்வான்,
போடாவிட்டால் தரை.
ஷூவைக் கழற்றாமல் தூங்குகிறான்.
பம்பை மடியில் வைத்துக்கொண்டு
அவன் அங்குலம் அங்குலமாகத் தரைக்கு இறங்குவதை
விடியும்வரை பார்த்தேன்.
நல்ல முடிவா தெரியவில்லை.

ஆறேமுக்காலுக்கு எழுந்தான்,
மெத்தையைச் சுருட்டினான்,
தானியங்கி எந்திரத்தில் ஒரு பக்கம் தட்டி
பணம் போடாமலே பிஸ்கட் எடுத்தான்,
எனக்கும் ஒன்று.
ஏழுக்குப் பள்ளிப் பேருந்து.

மாத அறிக்கையில் ஒரு கேள்வி:
அலுவலகத்தில் தங்கவைக்கப்பட்ட குழந்தைகள் எத்தனை?
ஒன்று என்று எழுதினேன்.
மேலதிகாரி நல்லவர்தான், காபி கொடுத்தார்,
பொறுமையாக விளக்கினார்:
இருபத்துநான்கு மணி நேரம் தொடர்ந்து தங்கினால்தான் கணக்கு.
பள்ளிக்குப் போய்விட்டால்
அந்த இரவு கழிந்துவிடும்.

பூஜ்யம் போட்டேன்.

ஒன்பது மணிக்குத் துப்புரவுக்காரர்கள் வருவார்கள்.
பையை என் மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.
நாடாவின் ஒரு முனை பிரிந்திருந்தது,
கட்டைவிரலால் அழுத்தினேன்.
கையை எடுத்ததும்
மறுபடி மெல்ல எழுந்தது.